கூரைக்குள் விட்ட குசினிப் புகை

என் பேத்தி பிறந்து இரண்டு கிழமை ஆகவில்லை. அவள் படுக்கும் தொட்டிலின் மேல் என் வீட்டுச் சீலிங் இடிந்து விழுந்தது. அந்த நேரம் பிள்ளை தொட்டிலில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தொடங்கினால் கேட்கிறவர்கள் பாதியிலேயே "ஐயோ, பிள்ளைக்கு என்ன?" என்று கத்துகிறார்கள். எனக்கும் அதைச் சொல்லி முடித்தால்தான் மிச்சத்தைச் சொல்ல மூச்சு வருகிறது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஜெர்மன் மொழியை எந்த வகுப்பிலும் இருந்து படிக்கவில்லை. உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, திட்டு வாங்கி வாங்கிப் படித்தேன். பேக்கரியில் மாமூட்டை தூக்கினேன். பிறகு சொந்தமாகத் துப்புரவு வேலை எடுத்து நடத்தினேன். இன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களில் ஜெர்மன்காரரும் இருக்கிறார்கள். மியூனிக்குக்குத் தெற்கே, மலை தெரியும் ஊர் ஒன்றில், உள்ளூர்க்காரனே வாங்கப் பயந்த பழைய வீட்டை நான் வாங்கினேன். நிலத்துக்குப் பலகை போட்டது நான். குளியலறைக்கு ஓடு பதித்தது நான். கூரைக்குக் கீழே சும்மா கிடந்த இடத்தில் சரிவுச் சீலிங் அடித்து, யன்னல் வைத்து, ஒரு அறை கட்டியதும் நான்தான். பார்க்க வந்தவர்கள் எந்தக் கொம்பனியிடம் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். என் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன்.

அந்த அறையை மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்றே புதுப்பித்தேன். மருமகன் மதுரைப் பக்கத்துப் பிள்ளை, வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. நல்ல பொடியன்தான். ஆனால் அவர்கள் இருப்பது அடுக்குமாடியில், இரண்டு அறை. பிள்ளை பிறந்ததும் மகள் அங்கேயே இருக்கட்டும், நர்ஸ் வந்து பார்ப்பாள் என்றான்.

"மாமா, இங்க எல்லாமே பக்கத்துல இருக்கு. டாக்டர், ஃபார்மசி எல்லாம். ட்ராவல் வேண்டாமேன்னு பார்க்கிறேன்."

"தம்பி, முப்பத்தொண்டாம் நாள் முடியிறவரைக்கும் என்ர பிள்ளை என்ர வீட்டிலதான். துடக்குத் தீட்டுக் கழிச்சுப்போட்டு நானே காரில கொண்டுவந்து விடுறன். உங்கட வீட்டில ரெண்டு அறை. என்ர வீட்டில அவளுக்கெண்டு ஒரு மாடியே கிடக்கு."

மகள்தான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள், எதையும் யோசித்துத்தான் சொல்வாள். "சரி அப்பா, வாறன். ஆனால் குழந்தைக்குச் சரிவராட்டி உடன வெளிக்கிட்டிடுவன்," என்றாள். என் வீட்டில் என்ன சரிவராமல் போகும் என்று நான் சிரித்தேன்.

இப்போது புகைக்குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போன புதிதில் எங்கள் குசினியின் புகை உறிஞ்சி பக்கச் சுவர் வழியாக வெளியே ஊதியது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போடும் கொடி. தனியாக இருக்கிற ஜெர்மன்கார மனுசி, உயரம், குரல் பெரிசு. ஒருநாள் வேலிக்கு மேலால் என் மனைவியைப் பார்த்து, "உங்கள் சமையல் வாசம் என் படுக்கை விரிப்பு வரைக்கும் வருகிறது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் என் மனைவி உள்ளே வந்து கதிரையில் இருந்தவள் எழும்பவில்லை.

"இஞ்சருங்கோ, இனி நான் மீன் பொரிக்க மாட்டன்."

"ஏன் பொரிக்க மாட்டாய்? பொரி. மணம் வெளியில போகாமல் நான் செய்யிறன்."

செய்தேன். சுவர் ஓட்டையை அடைத்தேன். குழாயை மேலே திருப்பி, பாவிக்காத பழைய புகைபோக்கி வழியாக ஏற்றி, கூரையின் உச்சியில், என் அறைச் சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவே கிடந்த இருட்டு இடத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கே மனிதர் யாரும் இல்லை, யாருக்கு மணக்கப் போகிறது? கூரையின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன இடைவெளிகள் இருந்தன. அதனாலும் மணம் வெளியே போகக்கூடும் என்று பழைய துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்தேன். அதற்குப் பிறகு என் மனைவி கருவாடு பொரித்தாலும் வெளியே நின்றால் ரோசாப்பூ மணம்தான். இந்த நாட்டில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இறைச்சி காய்ச்சுகிறபோது யன்னலைப் பூட்டிக்கொண்டு, அயலவன் என்ன சொல்வானோ என்று ஒளித்து ஒளித்துச் சமைக்கிறார்கள்! அவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் என் குழாயைக் காட்டினேன். இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் அப்படியே செய்தார்கள்.

வருடக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு நேரச் சமையல். பனியும் அந்த வருடங்களில் பேருக்குத்தான் கொட்டியது.

மகள் வந்த குளிர்காலம் அப்படி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்றே கொட்டத் தொடங்கிய பனி நிற்கவில்லை. வீட்டுக்குள்ளே என் மனைவியும் நிற்கவில்லை. விடிந்ததும் மகள் குளிக்கப் பெரிய பானையில் இலை போட்டு வேது தண்ணீர் கொதிக்கும். அதை இறக்கினால் சரக்குக்கறி ஏறும். மிளகு, சீரகம், மல்லி, உள்ளி எல்லாம் அரைத்துப் போட்டு அது கொதிக்கிற கொதியில் குசினிச் சுவர் வேர்க்கும். பிறகு குழந்தைக்குத் தண்ணீர், துணி அவிக்கத் தண்ணீர். புகை உறிஞ்சி காலையில் போட்டால் பொழுதுபட்டாலும் நிற்காது. அத்தனையும் மேலே, கூரைக்குள்.

மேல் அறையில் ஹீட்டர் கடைசி எண்ணில் நின்றது. யன்னல் இடுக்கில் துவாய் செருகியிருந்தது. சின்னப் பிள்ளையின் துணியெல்லாம் அந்த அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காய்ந்தது. யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது. ஒருக்கா லூஃப்டன் பண்ணுவம், அஞ்சு நிமிசம் போதும்," என்று மகள் கெஞ்சுவாள். காலையும் மாலையும் யன்னலை அகலத் திறந்து காற்று மாற்றுவதை ஜெர்மன்காரர் பல்லுத் தீட்டுவது போல் செய்வார்கள். அவள் பள்ளிக்கூடத்திலேயே அதைப் பழகியவள்.

"பச்சை உடம்பு பிள்ளை! இப்ப காத்துப் பட்டால் பிறகு வயசு போக இடுப்பு நாரி பிடிக்கும், காது குத்தும். மூடிக்கொண்டு கிட."

"எங்கட வகுப்பில படிச்ச ஒருத்திக்கும் நாரி பிடிக்கேல்லை அம்மா."

"அவளவை உருளைக்கிழங்கு திண்டு வளந்தவளவை. நீ என்ர பிள்ளை."

நான் சிரித்துக்கொண்டு இறங்கிவிடுவேன். பெண்களின் சண்டையில் எனக்கு என்ன வேலை?

என் வேலை வெளியே நின்று வீட்டைப் பார்ப்பது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஊரில் எல்லாக் கூரையிலும் பனி மெத்தை மாதிரிக் கிடக்க, என் கூரையின் உச்சி மட்டும் கறுத்து, ஓடு தெரிந்தது. கீழ் விளிம்பிலோ கண்ணாடிக் கம்பி மாதிரி ஐஸ் தொங்கியது, ஒவ்வொன்றும் என் கை நீளம். வெயில் பட்டால் கோயில் தூண்டாமணி விளக்குக் கொத்து மாதிரி மின்னும். படம் எடுத்துக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினேன். "அண்ணை, அரண்மனை மாதிரிக் கிடக்கு," என்று பதில் வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா தன் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு நின்றவர் என் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"உங்கள் கூரை எனக்குப் பிடிக்கவில்லை. உச்சியில் உருகி விளிம்பில் உறைகிறது. மேலே எங்கேயோ சூடு கசிகிறது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்."

"எங்கள் வீடு சூடான வீடு, அம்மா. உங்கள் கூரைப் பனி உருகவே இல்லை. உங்களுக்குள்ளே குளிராக இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து ஹீட்டரைப் பார்க்கிறேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் பனியைத் தள்ளினார். பொறாமை என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. பல நாள் கழித்து வெயில் எறித்தது. மனைவி கீழே மகளுக்கு வேது தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பிள்ளைக்கு நான் காவல். டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மணிக்கூடு என்று நினைத்தேன். அந்த அறையில் மணிக்கூடு இல்லை என்பது அப்போது மூளைக்கு ஏறவில்லை. பிள்ளை கண் முழித்து முனகியது. தூக்கினேன். "வாங்கோ குஞ்சு, தாத்தாவின்ர ஐஸைக் காட்டுறன்," என்று யன்னல் பக்கம் கொண்டு போனேன். துவாயால் கண்ணாடியைத் துடைத்து, வெளியே தொங்கிய ஐஸைக் காட்டினேன். இரண்டு கிழமைப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எனக்குக் காட்ட ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பின்னால் ஒரு சத்தம். ஈர மூட்டையை உயரத்திலிருந்து போட்டால் எப்படிக் கேட்கும், அப்படி. திரும்பினேன். தொட்டிலைக் காணவில்லை. தொட்டில் நின்ற இடத்தில் வெள்ளைப் பலகைத் துண்டும், ஊறிய சூடுகாப்புப் பஞ்சும், மண்ணிறத் தண்ணீரும் குவியலாகக் கிடந்தன. மேலே ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளிருந்து வாளியால் ஊற்றுகிற மாதிரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை.  பிள்ளையை நெஞ்சோடு எவ்வளவு இறுக்கினேன் என்றால் அதுதான் கத்தியது. அப்போது ஒரு மணம் வந்தது. ஐயா, அதை எப்படிச் சொல்ல! மிளகு, சீரகம், பழைய மீன் எண்ணெய். கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரில் சரக்குக்கறி மணத்தது. இத்தனை வருடமாக நான் ஒளித்து வைத்த மணமெல்லாம் என் பேத்தியின் தொட்டிலில் வந்து இறங்கியிருந்தது.

மகள் நனைந்த தலையோடு படியேறி ஓடிவந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த நேரம் இருந்ததை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை, ஊரில் யுத்த காலத்தில்கூட. பிறகுதான் என் கையைப் பார்த்தாள். பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்பா, விளக்குக்குள்ளால தண்ணி வருது! மெயினை நிப்பாட்டுங்கோ!"

நிற்பாட்டினேன். வெளிச்சம் போனது. கரண்ட் இல்லாவிட்டால் கீழே வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பும் ஓடாது, ஹீட்டர் எல்லாம் செத்துப்போகும் என்பது அப்புறம்தான் உறைத்தது. வெளியே உறைகிற குளிர். உள்ளே தலை நனைந்த, பிள்ளை பெற்றவள் ஒருத்தி, கையில் பச்சைக் குழந்தை.

வாசலில் பக்கத்து வீட்டு அம்மா நின்றார். எங்கள் வெளிச்சுவரில் மண்ணிறத் தண்ணீர் வழிவதைக் கண்டு செருப்போடு பனிக்குள்ளால் வந்திருக்கிறார். ஒன்றும் விசாரிக்கவில்லை. "குழந்தையைத் தாருங்கள். என் வீட்டில் அடுப்பு எரிகிறது," என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். முப்பத்தொன்றுக்கு முன் வாசல் தாண்டக் கூடாது என்று மகளை யன்னல் பக்கம்கூட விடாத மனுசி அவள்.  அவள் தன் கம்பளிச் சால்வையை உருவிப் பிள்ளையைச் சுற்றினாள். மகளின் தலையில் துவாயைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று பேரும் அந்த மனுசியின் பின்னால் பனிக்குள் இறங்கி, வேலிக்கதவைத் தாண்டிப் போனார்கள். என் வீட்டிலிருந்து. நான் கட்டிய வீட்டிலிருந்து.

எனக்கு விசர் பிடித்தது. ஏணியையும் குத்தி உடைக்கிற இரும்பு அலவாங்கையும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினேன். அண்ணாந்தபோதுதான் விளிம்பை ஒழுங்காகப் பார்த்தேன். மழைத்தண்ணீர் ஓடும் பீலி முழுக்க ஐஸ். அதற்கு மேல் ஓட்டோடு ஒட்டி நீளத்துக்கு வயல் வரம்பு மாதிரி ஒரு ஐஸ் மேடு. வரம்புக்குப் பின்னால் உருகின தண்ணீர் குளமாக நின்றது. ஓடு மேலிருந்து கீழே வரும் தண்ணீரைத்தான் தடுக்கும். கீழேயிருந்து மேலே ஏறும் தண்ணீரை என்ன செய்யும்? ஓட்டுக்கு அடியால் நேரே என் அறைக்குள். வரம்பை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடும். வயல் வேலை எனக்கா தெரியாது? ஏறி ஒரு குத்துக் குத்தினேன்.

ஐஸ் அசையவில்லை. ஓடு இரண்டாகப் போனது. இரண்டாவது குத்துக்குப் பீலியில் ஒரு நீளம் ஐஸோடு கழன்று, என் தோளை உரசிக்கொண்டு கீழே விழுந்து நிலத்தைக் குழி பறித்தது.

பக்கத்து வீட்டு மேல் யன்னலிலிருந்து மகள் கத்தினாள். "அப்பா! இறங்குங்கோ! இப்பவே இறங்குங்கோ! உங்களையும் நான் பாக்கிறதோ?"

இறங்கினேன். ஏணியை அங்கேயே விட்டேன். 

அவர்களைப் பார்க்கப் போனேன். இன்னொரு இடி அங்கே காத்திருந்தது. மகள் கட்டிலில் போர்வைக்குள் இருந்தாள். பிள்ளை தொப்பியோடு, போர்த்து, நல்ல நித்திரை. யன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தது! பனிக்காற்று அறைக்குள் நடந்து திரிந்தது. என் மனைவி ஒரு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா இது? பூட்டு!" என்றேன்.

"அந்த மனுசி திறந்தது. அஞ்சு நிமிசத்தில பூட்டுமாம். பிள்ளை வந்த நாளில இருந்து இப்பிடி நித்திரை கொள்ளேல்லை, பாருங்கோ," என்றாள். என் மனைவியின் குரலே மாறியிருந்தது.

அப்போது வீட்டுக்காரி தேநீரோடு வந்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. "அம்மா, உங்களுக்கு மணம் வரக்கூடாது என்றுதான் குழாயைக் கூரைக்குள் விட்டேன்," என்று உளறிவிட்டேன். தட்டு அவர் கையில் அப்படியே நின்றது.

"எதை? எங்கே விட்டீர்கள்?"

திரும்பச் சொன்னேன்.

"வாசம் வந்தது, பிடிக்கவில்லை, சொன்னேன். இப்போதும் பிடிக்காது. அதற்காகக் கூரைக்குள் விடச் சொன்னேனா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடியை வீட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருப்பேனே!"

கொடியை அந்தப் பக்கம் கட்டியிருப்பாராம். ஒரு கயிறு, இரண்டு ஆணி. 

அன்று இரவே மருமகன் வால்டோர்ஃபிலிருந்து வந்து சேர்ந்தான். என் வீட்டுக்குள் போய், தொட்டில் கிடந்த கோலத்தைப் போனில் படம் எடுத்தான். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மாமா, ஸாரி. ரோடு க்ளியர் ஆனதும் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுறேன். இது சேஃப் இல்ல மாமா."

  மகள்தான் பேசினாள்.

"பொறுங்கோ. அம்மா இல்லாமல் அங்க என்னால ஏலாது. அப்பா, கூரையைத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்துச் செய்யுங்கோ. நீங்கள் செய்யப்படாது. ஆள் செய்து முடிச்சபிறகு நீங்களும் அம்மாவும் அந்த அறையில படுங்கோ. இன்னொரு பனி கொட்டி வெயில் எறிக்கட்டும். அதுக்குப்பிறகு வாறதோ வால்டோர்ஃப் போறதோ எண்டு சொல்லுறன்."

என் மகள் எனக்குச் சோதனை வைத்தாள். எனக்கு! எந்த வாத்தியாரிடமும் சோதனை எழுதாமல் இந்த நாட்டில் நிமிர்ந்தவன் நான். "ஓம் பிள்ளை," என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பனிக்காலத்தில் கூரைக்காரன் ஒருவனைப் பிடிப்பது லேசில்லை. ஒருவனுடைய தாயின் வீட்டை என் ஆட்கள்தான் துப்புரவு செய்கிறார்கள். அந்த உறவில் அடுத்த நாள் காலையே வந்தான். மலைப்பக்கத்து ஆள், பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். முதல் வேலையாக என் அலவாங்கைப் பறித்துத் தன் வண்டிக்குள் எறிந்தான். கொதி நீராவி அடிக்கிற மெஷினால் ஐஸ் வரம்பில் வாய்க்கால் மாதிரி வழி வெட்டினான். தண்ணீர் சளசளவென்று வெளியே இறங்கியது. பிறகு கூரை உச்சிக்குள் தலையைவிட்டான். அவன் சிரிக்கிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது, சட்டென்று நின்றது. வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை.

"குழாய் வாயில் கொழுப்பு கட்டியாக நிற்கிறது. சட்டமெல்லாம் ஈரம், பூஞ்சணம். தண்ணீர் விழுந்தது உன் அதிர்ஷ்டம். நெருப்பு விழுந்திருந்தால்?"

நான் படியில் இருந்துவிட்டேன். நெருப்பை நான் அதுவரைக்கும் நினைக்கவே இல்லை.

கூரைக்குப் பனி பாரமில்லை, கூரை குளிராக இருந்தால் பனி தன் பாட்டுக்குக் கிடந்து தன் பாட்டுக்குப் போகும் என்றான். வீட்டுச் சூடு மேலே கசியக்கூடாது, வெளிக்குளிர் கூரைக்குள்ளே ஓடித் திரிய வேண்டும். நான் துணி அடைத்த இடைவெளிகள்தான் அந்தக் குளிர் ஓடுகிற வழியாம். அவன் அதைப் பிடுங்கப் பிடுங்க என் பழைய சாரமும் மனைவியின் பழைய சட்டையும் ஐஸில் விறைத்து வெளியே வந்தன. அவற்றைப் பனிமேல் வரிசையாகப் போட்டான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தொங்கிய ஐஸைக் காட்டி, "இது அலங்காரம் இல்லை, காய்ச்சல்," என்றான். கனடாவுக்கு அனுப்பிய படங்களை நினைத்தேன். 

அந்தக் கிழமை முழுக்க வேலை. உடைந்த ஓடு மாறியது. ஓட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்காத விரிப்பு போனது. பழைய குழாயை இழுத்தெடுத்து, புதுக் குழாயைக் கூரையைத் துளைத்து ஆகாயத்துக்கு விட்டான். இடிந்த சீலிங்கைப் புதிதாக அடித்து, அதற்கு மேலே இடைவெளி இல்லாமல் பஞ்சு விரித்து, சூட்டுக்காற்று நுழையாமல் மூட்டுக்கு மூட்டு நாடா ஒட்டினான். பிள்ளையோடு பக்கத்து வீட்டிலேயே தங்கியிருந்த மகள் அந்த யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சுத்தியலைத் தொடவில்லை. தேநீர் கொடுத்தேன். ஏணியைப் பிடித்தேன். நான் ஏணி பிடிக்கிற நிலைக்கு வந்ததைப் பார்த்து மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

பிறகு நானும் அவளும் மேல் அறையில் படுத்தோம். காலையும் மாலையும் யன்னலைத் திறந்தோம். திறக்கிறபோதெல்லாம் அவள் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, போருக்குப் போகிறவள் மாதிரி நிற்பாள். பனி கொட்டியது. நான் சீலிங்கையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்ன சத்தம் கேட்டாலும் எழும்பிக் கையால் தடவுவேன். காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் அடுத்த சத்தத்துக்கு மறுபடி தடவினேன். வெயில் எறித்த அன்று வெளியே போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"முழுக்க வெள்ளையாக் கிடக்கு. ஒண்டும் தொங்கேல்லை," என்றாள்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் சில நாள் இருந்தன. மருமகன் காரோடு வந்து வாசலில் நின்றான். கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. மகள் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டுத் தனியாக எங்கள் வீட்டு மேல் அறைக்கு ஏறினாள். நான் பின்னால் போனேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சரிவுச் சீலிங்கை மூலையிலிருந்து மூலைக்கு உள்ளங்கையால் தடவினாள். விளக்கடியில் விரல் வைத்தாள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். இறங்கி யன்னலை இரண்டு பக்கமும் திறந்தாள். குளிர் வந்தது. படியில் நின்ற மனைவி தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

மகள் கீழே எட்டிப் பார்த்துக் கணவனைக் கூப்பிட்டாள். "கொண்டு வாங்கோ."

எனக்கு உடனே வாய் வந்துவிட்டது. "பாத்தியே பிள்ளை, இப்ப இந்த ஊரிலேயே இதுதான் திறமான கூரை" என்று தொடங்கினேன்.

அவள் நான் வாங்கி வைத்திருந்த புதுத் தொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் அதைப் பழைய இடத்தில், சரிவுக்குக் கீழே, வெளிச்சம் விழும் இடத்தில்தான் வைத்திருந்தேன்.

"அப்பா, மற்றப் பக்கம் பிடியுங்கோ."

"எங்க வைக்க?"

அவள் தலையால் காட்டினாள். உள்சுவர் ஓரம். தலைக்கு மேல் நான் அடித்த சரிவுச் சீலிங் இல்லாத இடம். பழைய வீட்டோடு கட்டிய கொங்கிரீட் தட்டு மூடிய மூலை.

திறமான கூரை என்று தொடங்கிய மிச்ச வசனம் என் வாய்க்குள் கிடந்தது. விழுங்கினேன். குனிந்து தொட்டிலின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி, உள்சுவரோடு ஒட்டி வைத்தோம்.